கிராமங்களுக்கு வரும் இணையக் கம்பி
அங்கத்தினர் அறிய வேண்டியவை

புளியங்குடிச் சந்தையில் காலையில் ஏலம் கூறப்படும் எலுமிச்சையின் விலை அச்சந்தைக்குள்ளேயே முடிவாவதன்று. மலைக்கு அப்பால் கேரளத்து ஊர்களில் அன்று தேவை எவ்வளவு, வெளி மாவட்டங்களிலிருந்து வரத்து எவ்வளவு என்பவற்றைப் பொறுத்தே அது ஏறவும் இறங்கவும் செய்கிறது. இச்செய்தியை முதலில் அறிபவர் இலாபம் பெறுகிறார். கடைசியில் அறிபவர் அதற்கு விலை கொடுக்கிறார். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து நிற்கும் சம்சாரி பெரும்பாலும் கடைசியில் அறிபவராகவே இருந்து வந்திருக்கிறார். நெசவாளர் நிலையும் ஏறக்குறைய இதுவே. எந்த நிறம், எந்தக் கரை விற்பனையாகிறது என்னும் செய்தி தறிக்கு வந்து சேரும்போது பருவம் கடந்துவிடுகிறது.

ஆதலால் செய்தியைக் கொண்டுவரும் கம்பி இன்று தராசையும் கணக்குப் புத்தகத்தையும் போன்ற ஒரு தொழிற்கருவி ஆகிவிட்டது. சங்கங்களுக்கோ அது இன்றியமையாததாகவும் ஆகிவிட்டது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் இச்சங்கங்கள் பொதுச் சேவை மையங்களாகவும் பணியாற்ற உடன்படிக்கை ஏற்பட்டது. பேரேடு கணினிக்குள் சென்ற பின், கம்பி அறுந்தால் பேரேடே பூட்டப்பட்டதாகும்.

இதனை நான் நேரில் கண்டு உணர்ந்தேன். ஓர் ஆடி மாதத்தில் இம்மாவட்டத்துச் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். சாரற்காற்றில் தென்னை மட்டை விழுந்து, சங்கத்திற்கு வந்த ஒரே கம்பி அறுந்து கிடந்தது. எங்கே அறுந்தது என்பதும், எவரிடம் முறையிடுவது என்பதும் சங்கத்தில் எவருக்கும் தெரியவில்லை. ரசீதில் இருந்த எண்ணை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயிர்க் கடனுக்காக வந்த அங்கத்தினர்கள் திண்ணையில் மாலை வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினர். மூன்றாம் நாளும் வந்து திரும்பிய மூதாட்டி ஒருவர், “புத்தகத்தில் எழுதிக் கொடுத்த காலத்தில் இப்படி இல்லையே, ஐயா” என்றார். அவருக்கு நான் விடை கூற இயலவில்லை. பணப்பெட்டிக்கு இரட்டைப் பூட்டு உண்டா என்று ஒவ்வோர் ஆய்விலும் தவறாது கேட்பவன் நான். கம்பிக்கு இரண்டாவது வழி உண்டா என்று அதுவரை ஒரு சங்கத்திலும் கேட்டதில்லை. இக்கட்டுரை அன்றைய குறையிலிருந்து பிறந்தது.

சிறு நிறுவனங்கள் தோன்றிய வரலாறு

இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அப்பொழுது அதனை அளித்தது விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் ஒன்றே. 1998இல் தனியார்க்கும் உரிமம் வழங்கப்பட்டது. நாடு முழுவதற்கும், ஒரு மாநிலம் போன்ற வட்டாரத்திற்கும், ஏறக்குறைய ஒரு மாவட்டத்தின் அளவுள்ள பகுதிக்கும் என உரிமங்கள் மூவகையாக வகுக்கப்பட்டன. இம்மூன்றாம் வகையினாலேயே சிற்றூர்களில் சிறு முதலீட்டுடன் இத்தொழிலில் இறங்க வழி பிறந்தது.

மற்றொரு புறம், 1990களில் தெருத்தெருவாகக் கம்பி கட்டித் தொலைக்காட்சி அலைவரிசைகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் ஊர்க் கேபிள் ஆபரேட்டர்கள். அவர்களை முறைப்படுத்தும் சட்டம் 1995இல் வந்தது. எந்த வீடு எந்தச் சந்தில் உள்ளது, எந்தக் கம்பத்திலிருந்து எந்த மாடிக்குக் கம்பி செல்லும், எவர் மாதம் தவறாது பணம் தருவார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 2016இல் மலிவான கைபேசி இணையம் பரவியதும் தொலைக்காட்சி இணைப்புகள் குறையத் தொடங்கின. பழைய தொழில் தேய்ந்தபோது, கையில் இருந்த கம்ப வழியையும் வாடிக்கையாளரையும் கொண்டு இணையம் வழங்க அவர்கள் முற்பட்டனர். சிலர் தாமே உரிமம் பெற்றனர். பலர் உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்தின் கூட்டாளிகளாயினர். ரயில் தடங்களின் ஓரமாகக் கண்ணாடி இழை பதித்துள்ள ரயில்டெல் என்னும் அரசு நிறுவனம், ரயில்வயர் என்ற பெயரில் உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்களைக் கூட்டாளிகளாகக் கொண்டு, வருமானத்தைப் பங்கிட்டு, வீடுகளுக்கு இணையம் தருகிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் தன் ஒளியிழைச் சேவையில் உள்ளூர்க் கூட்டாளிகளுடன் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது.

கம்பிக்குள் நடப்பது யாது?

கம்பி என்று நாம் கூறினும் அதன் உள்ளே செம்பு இல்லை. கண்ணாடி இழை இருக்கிறது. அவ்விழையின் தடிப்பு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. மெல்லிய நூல் பழகிய நெசவாளர் கண்களுக்கு இவ்வளவு வியப்பளிக்காது. இத்தகைய இழையில் ஒளியை நெடுந்தூரம் செலுத்தலாம் என்று 1966இல் விளக்கியவர் சார்லஸ் காவ் என்னும் அறிஞர். அதற்காக 2009இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஊரில் உள்ள நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, பிரிப்பான் எனப்படும் சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் செல்கிறது. இப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் இழை தொடங்கும் நிலையத்திலும், முடியும் வீட்டிலும் மின்சாரம் வேண்டும். ஆகவே மின்தடையின்போது இணையம் நின்றால், பழுது கம்பியில் இருப்பதாகவே கொள்ளலாகாது.

பரவலாக வழங்கும் ஜிபான் என்னும் முறையில், ஓர் இழை நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கி விநாடிக்கு 2,488 மெகாபிட் செய்தியைச் சுமக்கும். 64 வீடுகளும் ஒரே நேரத்தில் முழு அளவில் பயன்படுத்தினால் வீட்டிற்கு ஏறக்குறைய 39 மெகாபிட்டே கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு அளவில் பயன்படுத்துவதில்லை என்னும் நம்பிக்கையிலேயே 100 மெகாபிட் என்று விற்கிறார்கள். ஒரே வாய்க்காலில் பல வயல்கள் பாயும் முறை இதுவாகும். வாய்க்காலின் அளவுக்கு மிஞ்சி மடைகளைத் திறந்துவிட்டால் கடைமடைக்கு நீர் செல்லாது. மாலை 8 மணிக்கு வேகம் குறைந்து நள்ளிரவில் மீளுமாயின், காரணம் பெரும்பாலும் இதுவே.

கடைசிக் கம்பத்தின் கணக்கு

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியே செல்கிறது. பெரிய நிறுவனங்களின் இழைகள் இத்தகைய நெடுஞ்சாலைகளை ஒட்டியே முதலில் வருவது இயல்பு. சாலையோரத்து ஊருக்கு எளிதில் கிடைக்கும் சேவை, அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே செல்கிறது. இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினால் விளக்குவோம்.

நெடுஞ்சாலையிலிருந்து 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூருக்குக் கம்பி இழுக்க 2 இலட்சம் ரூபாய் செலவாவதாகக் கொள்வோம். 20 வீடுகள் மட்டும் இணைப்புப் பெற்றால் வீடொன்றுக்கு முதலீடு 10,000 ரூபாய். மற்றச் செலவுகள் போக வீடொன்றிலிருந்து மாதம் 100 ரூபாய் மிஞ்சுமாயின், போட்ட முதல் திரும்ப 100 மாதங்கள், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே ஊரில் 100 வீடுகள் சேர்ந்தால் வீடொன்றுக்கு முதலீடு 2,000 ரூபாய். முதல் 20 மாதங்களில் திரும்பிவிடும்.

இக்கணக்கில் தொலைவு மாறவில்லை. கம்பியின் விலையும் மாறவில்லை. சேர்ந்து கேட்டவர் தொகை ஒன்றே மாறியது. தனித்தனியே கேட்டபொழுது எவருக்கும் கிடைக்காத ஒன்று, சேர்ந்து கேட்டபொழுது அனைவருக்கும் கிடைக்கிறது. கூட்டுறவின் முதற்பாடமும் இதுவன்றோ? தனித்தனிச் சங்கங்களால் சந்தையை எட்ட இயலாமற் போன காலத்தில், 1935இல், நெசவாளர் சங்கங்கள் கூடிக் கோ-ஆப்டெக்சை உருவாக்கியதும் இக்கணக்கின்படியே ஆகும்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் இழை ஊராட்சி அலுவலகம் வரை வருவது ஒரு வேலை. அங்கிருந்து தோட்டத்து வீட்டிற்கும் தறிக்கூடத்திற்கும் செல்வது மற்றொரு வேலை. இவ்விரண்டாம் வேலைக்கு உள்ளூரில் ஆள் வேண்டும்.

மலைக்கு அப்பால் ஒரு பாடம்

1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் மலையைக் குடைந்து கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் ரயில் பாதையும் திறக்கப்பட்டது. அக்கணவாயின் வழியே நம் பழம் மேற்கே செல்கிறது. அங்கிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு.

கேரளத்திலும் கேபிள் தொழில் சிறு ஆபரேட்டர்களின் கையிலேயே இருந்தது. பெரு முதலாளிகளின் நிறுவனங்கள் உள்ளே வந்தபோது, ஒவ்வொருவராக விலைபோய்விடும் அபாயம் அவர்களுக்கும் ஏற்பட்டது. அவர்கள் தங்கள் சங்கத்தின் வழியே ஒன்று சேர்ந்து, தாமே பங்குதாரர்களாகி, பொது நிறுவனங்களை அமைத்தனர். அவற்றுள் ஒன்றான கேரளா விஷன் பிராட்பேண்ட், தெருவிலுள்ள கம்பியையும் வாடிக்கையாளரையும் அந்தந்த ஆபரேட்டரிடமே விட்டுவிட்டு, வெளி உலகத்துடன் இணைக்கும் பெருவழியைத் தான் மொத்தமாக ஏற்பாடு செய்கிறது. மொத்தமாகக் கொள்முதல், சில்லறையாக விநியோகம்: நமது பண்டகசாலைகளின் முறை இதுவே. இன்று அதற்குப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட பட்டியல்களில், கம்பிவழி அகல அலைவரிசை வழங்குவோருள் ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல்., ஆக்ட் ஆகியவற்றை அடுத்து இது ஐந்தாம் இடம் பெற்றது. கேரள அரசு 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் கே-ஃபோன் என்னும் தன் இழை வலையைத் தொடங்கியபோதும், வீடுவரை செல்ல உள்ளூர் ஆபரேட்டர்களின் துணையை நாடியது.

சட்டப்படி கேரளா விஷன் ஒரு கம்பெனியே. கூட்டுறவுச் சங்கம் அன்று. அதன் உடைமை ஆபரேட்டர்களுடையது, சந்தாதாரர்களுடையது அன்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

சந்தாதாரரே உடைமையாளரான எடுத்துக்காட்டும் உண்டு. இங்கிலாந்தில், அப்பொழுது லங்காஷயர் நாட்டைச் சேர்ந்திருந்த ராச்டேல் ஊரில் 1844இல் நெசவாளர் முதலிய 28 தொழிலாளர் தொடங்கிய பண்டகசாலையைக் கூட்டுறவு வகுப்புகளில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அதே லங்காஷயரில் 2011இல், பெரிய நிறுவனங்கள் கைவிட்ட மலைக் கிராமத்து மக்கள் பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த் என்னும் சமூக நலச் சங்கம் ஒன்றை நிறுவினர். ஒரு பங்கு ஒரு பவுன். பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. தம் வயல்களினூடே குழாய் பதிக்க நில உடைமையாளர் கட்டணமின்றி இடம் தந்தனர். மண்வெட்டி எடுத்துப் பள்ளம் தோண்டியவர்கள் கூலிக்கு ஈடாகப் பங்கு பெற்றனர். விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகம், தொடக்கத்தில் மாதம் 30 பவுன் கட்டணத்தில், ஆட்டு மந்தைகள் மேயும் சிற்றூர்களுக்குக் கிடைத்தது.

குறையும் கூறுதல் வேண்டும்

சிறு நிறுவனம் என்பதனாலேயே அது நன்று என்று கருதுதல் தவறு. மேலே உள்ள நிறுவனத்திற்குக் கட்ட வேண்டிய தொகையை அது கட்டத் தவறினால் ஊர் முழுவதும் இணைப்பு அறும். பழுது பார்க்க ஓர் ஆளே இருந்து, அவர் ஊரில் இல்லையெனில் சந்தாதாரர் பாடு திண்டாட்டமே. அனுமதியின்றி மின்கம்பத்தில் கம்பி கட்டுவது சட்டத்திற்கு மாறானது, உயிருக்கும் ஆபத்தானது.

பெரிய நிறுவனத்திலும் குறை உண்டு. முதலில் விலையைக் குறைத்து, உள்ளூரார் தொழிலைக் கைவிட்ட பின் ஏற்றுதல் வாணிகத்தில் புதிதன்று. ஒரு வியாபாரியை மட்டுமே நம்பிப் பழம் கொடுத்தவர் பட்ட பாட்டை நம் விவசாயிகள் அறிவர். ஆகவே ஊரில் குறைந்தது இரண்டு வழிகளேனும் உயிருடன் இருத்தல் அனைவருக்கும் நன்மை.

கைபேசி இருக்கும்போது கம்பி எதற்கு என்று சிலர் வினவலாம். விலை அறியக் கைபேசி போதும். ஆனால் சங்கத்தின் பேரேட்டை நாள் முழுவதும் இயக்கவும், சேலைகளின் படங்களை நூற்றுக்கணக்கில் அனுப்பவும், பிள்ளைகள் இருவர் மூவர் ஒரே வீட்டில் பாடம் கேட்கவும் கம்பியே நிலையானது. மலையடிவாரத்தில் கோபுர அலை தேய்ந்துபோகும் இடங்களும் உண்டு.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, தேவைப் பட்டியல். ஒரே பகுதியில் உள்ள நெசவாளர் சங்கமும், கடன் சங்கமும், பால் சங்கமும் தத்தம் அங்கத்தினருள் இணைப்பு வேண்டுவோரின் பட்டியலைத் தெரு வாரியாகத் தயாரித்து ஒன்று சேர்க்கலாம். நூறு வீடுகளின் பட்டியலுடன் செல்பவரிடம் எந்த நிறுவனமும் அமர்ந்து பேசும்.

இரண்டாவது, சங்க அலுவலகத்திற்கு இரண்டாவது வழி. ஒரே கம்பத்தில் வரும் இரண்டு கம்பிகள் இரண்டு வழியாகா. ஒரு மட்டை விழுந்தால் இரண்டும் அறும். வேறு நிறுவனம், வேறு பாதை என்பதே பொருள். அது இயலாவிடில், கைபேசி அலையில் இயங்கும் கருவியொன்றும் மின்கல ஏற்பாடும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பொது இணைய இடம். உரிமமின்றி இணையத்தை விலைக்கு விற்றல் கூடாது. ஆயினும் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி என்னும் திட்டத்தின்படி, பதிவு பெற்ற தொகுப்பாளர் ஒருவரின்கீழ் எந்தக் கடையும் சங்கமும் பொதுத் தரவு நிலையமாகி, சிறு கட்டணத்தில் கம்பியில்லா இணையம் வழங்கலாம். நிலையத்திற்கு உரிமமோ கட்டணமோ இல்லை. இத்தகைய நிலையங்களுக்கு 200 மெகாபிட் வரையிலான இணைப்பை, வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இருமடங்குக்கு மேற்படாமல் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2025ஆம் ஆண்டு ஜூனில் ஆணையிட்டது. எனினும் சங்கத்தின் துணைவிதிகள் இடம் தருகின்றனவா என்று பார்த்து, நிர்வாகக் குழுவின் தீர்மானத்துடனும், விலைப்புள்ளிகளை ஒப்பிட்ட பின்னருமே இதில் இறங்க வேண்டும்.

நான்காவது, எழுத்தில் உடன்பாடு. உரிமம் எவர் பெயரில் உள்ளது? பழுது எத்தனை மணி நேரத்தில் நீக்கப்படும்? அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் தனித்தனியே எவ்வளவு? மாத அளவு கடந்தபின் வேகம் என்னவாகும்? கருவிக்கான வைப்புத் தொகை திரும்பக் கிடைக்குமா? 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி காட்டும் ரசீது தருவார்களா? இவ்வினாக்களுக்கு விடை எழுத்தில் இருத்தல் வேண்டும். வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்டிற்குக் குறைவாயின், 2023ஆம் ஆண்டின் வரையறைப்படி அதனை அகல அலைவரிசை என்று விற்கவே இயலாது. 2012ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி ஒவ்வொரு முறையீட்டிற்கும் எண் தர வேண்டும். தீர்வில் நிறைவில்லையேல் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை நாடலாம். எண் கேட்டுக் குறித்துக்கொள்ளாத முறையீடு, ரசீது வாங்காத பணத்திற்கு ஒப்பாகும்.

நான் அன்று கண்ட சங்கத்தில் இப்பொழுது இரண்டாவது வழி உண்டு. பழுது எண்கள் மூன்றும் அறிவிப்புப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டுள்ளன. முறையீட்டு எண்களைக் குறிக்கத் தனிக் குறிப்பேடும் உள்ளது. செலவு மிகுதியன்று. திண்ணையில் காத்திருந்த அங்கத்தினர் அதற்கு முன்னரே செலுத்திவிட்ட விலைதான் மிகுதி.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்க அலுவலகத்திற்கு வரும் கம்பி எந்த வழியாக, எவருடைய கம்பங்களின்மீது வருகிறது? நேரில் நடந்து சென்று பார்த்து எழுதுக.

2. உங்கள் ஊருக்குக் கம்பி இழுக்க 3 இலட்சம் ரூபாய் ஆகுமெனவும், வீடொன்றிலிருந்து மாதம் 100 ரூபாய் மிஞ்சுமெனவும் கொண்டால், 30 மாதங்களில் முதல் திரும்ப எத்தனை வீடுகள் சேர வேண்டும்?

3. ஆபரேட்டர்கள் உடைமையாளராக இருக்கும் நிறுவனத்திற்கும், சந்தாதாரர்கள் உடைமையாளராக இருக்கும் சங்கத்திற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

4. மூன்று நாள் இணைப்பு இல்லாவிடில் உங்கள் சங்கத்தில் எந்தெந்தப் பணிகள் நிற்கும்? அவற்றுள் எவற்றைக் கையால் எழுதி நடத்தலாம்? அதற்கான படிவங்கள் அலுவலகத்தில் இருக்கின்றனவா?